ஜெபிக்க வாய் வராதபோது சங்கீதம் 13-ஐ எடுங்கள்

கேள்வியின் சாரம் இது. வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. இடையில் வீட்டில் ஒரு மரணமும் நடந்துவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சபையில் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், எல்லாம் மாறும்" என்கிறார்கள். சொன்னால் பொய் சொல்வதுபோல இருக்கிறது. விசுவாசம் போய்விட்டதா? எப்படிக் காத்துக்கொள்வது?

கடவுளிடம் பொய் சொல்லக் கூசுகிறது என்றால் விசுவாசம் இன்னும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. போயிருப்பது ஜெபத்துக்கான வார்த்தைகள். அந்த வார்த்தைகளை வேதமே எழுதி வைத்திருக்கிறது, நாம் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் இருக்கிற 150 பாட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்குவது 23, 91, 121. மற்றவை மணவறைப் பாட்டும் இல்லை, காலண்டர் வசனமும் இல்லை என்பதால் ஓரத்தில் கிடக்கின்றன. ஆகவே துதியில் தொடங்க வேண்டாம். முறையீட்டில் தொடங்குங்கள்.

தொடங்க ஏற்ற இடம் சங்கீதம் 13. ஆறே வசனம். அமைப்பு தெளிவானது: முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' நான்கு முறை வந்துவிடுகிறது. கடவுள் மறக்க மாட்டார் என்ற உபதேசம் இதைப் பாடிய தாவீதுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், தனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே கேட்கிறார். சரியான உபதேசத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வேறொன்றை வைத்துக்கொண்டிருக்கவில்லை.

செய்முறை இது. ஒரு தாள், பேனா, பத்துப் பதினைந்து நிமிடம். சத்தமாக வாசியுங்கள்; கண்ணால் மட்டும் ஓட்டினால் பழகிய வசனம் மனதில் ஒட்டாமல் நழுவிப்போகும். பிறகு 'எதுவரைக்கும்' என்று எழுதி, அதன் கீழே உங்கள் காரியத்தை நான்கு வரியில் எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். "எதுவரைக்கும் கஷ்டம்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. "எதுவரைக்கும் இந்த மாத வாடகைக்கு மைத்துனரிடம் கை நீட்டுவேன்", "எதுவரைக்கும் அம்மாவின் படுக்கை இருந்த அறைக்கதவைத் திறக்காமல் கடந்துபோவேன்" என்கிற அளவுக்கு இறங்க வேண்டும். தாவீதும் அப்படித்தான் செய்கிறார்: மறைந்த முகம், நித்தம் நித்தம் வரும் சஞ்சலம், தலைக்குமேல் நிற்கும் சத்துரு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்.

அடுத்து விண்ணப்பம். இங்கே ஒன்றே ஒன்று போதும். மூன்றாம் வசனத்தில் அவர் பெரிய விடுதலை எதையும் கேட்கவில்லை. "என் கண்களைத் தெளிவாக்கும்" என்கிறார். சோர்ந்து மங்கிப்போன கண்ணுக்கு மறுபடி ஒளி வேண்டும், அவ்வளவே. வேலை, கடன், உடல்நிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதற்காகக் கேட்டோம் என்பதே மறுநாள் நினைவிருக்காது. நாளைக்குத் தேவையான ஒன்றைக் கேளுங்கள்.

கடைசிப் பகுதியில்தான் நிறையப்பேர் சறுக்குகிறார்கள். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று ஐந்தாம் வசனம் வருகிறது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சத்துரு அங்கேயே நிற்கிறான். மூல எபிரெயத்தில் அந்த இடத்தில் 'நானோ' என்கிற அழுத்தம் இருக்கிறது. தமிழில் அந்த ஓகாரம் என்ன வேலை செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: அவர்கள் அப்படி, நிலைமை அப்படி, நானோ இப்படி. இது உணர்ச்சி மாறியதைச் சொல்லும் வரி என்று எடுத்துக்கொண்டு, உணர்ச்சி மாறும்வரை காத்திருந்தால் அந்த வரிக்கு வந்துசேரவே மாட்டோம். முடிவெடுத்துச் சொல்கிற வரி அது. ஆறாம் வசனமோ கடந்த காலத்தைப் பார்க்கிறது, "நன்மை செய்தபடியால்" என்று. ஆகவே தாளின் கடைசியில் எதிர்காலத்தைப் பற்றி வாக்குறுதி எதையும் எழுதாதீர்கள். இதற்கு முன் நடந்த ஒரே ஒரு நன்மையை, வருடத்தோடு எழுதுங்கள். நன்மை எதுவும் ஞாபகத்துக்கு வராத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். இட்டுக்கட்ட வேண்டாம்.

அப்படி வெறுமையாக விட்ட நாளுக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறது: 88. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கி, அதற்குப் பிறகு ஒரு வெளிச்சமும் இல்லாமல் இருளில் முடிகிறது. 'ஆனாலும்' என்ற திருப்பம் கிடையாது, ஸ்தோத்திரம் கிடையாது. தலைப்பைப் பாருங்கள்: ஆலயத்தில் பாடிய குடும்பத்தாரான கோராகின் புத்திரருக்கான பாட்டு, இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதாவது தனியறையில் ஒருவர் எழுதி ஒளித்துவைத்த டைரிக் குறிப்பாக அது நம்மிடம் வரவில்லை. பாடகர் குழு ஜனத்தின் நடுவே பாடிய பாட்டாக வந்திருக்கிறது. நம் ஆராதனைகளில் இதற்கு இடமே இல்லாமல் போனது நம் குறைதான் என்பது என் கருத்து.

இதற்கு உடனே ஒரு ஆட்சேபம் வரும். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முறுமுறுத்து அழிந்தார்களே, இதுவும் அதுதானே? இல்லை. எண்ணாகமம் 14-ல் அவர்கள் ஒருவரோடொருவர் பேசி, வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்குத் திரும்பலாம் என்கிறார்கள். கடவுளைப் பற்றிப் பேசினார்கள், கடவுளிடம் பேசவில்லை. பேச்சின் முடிவும் அவரை விட்டுப்போவதுதான். அதே புத்தகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் மோசே, "இந்த ஜனங்களையெல்லாம் நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, இப்படியே நடத்துவதானால் என்னைக் கொன்றுபோடும்" என்று நேராகக் கடவுளிடமே சொல்கிறார். அவருக்குத் தண்டனை வரவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் வந்தார்கள். வித்தியாசம் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது.

எவ்வளவு வாசிப்பது? இக்கட்டு வந்தவுடன் நாம் செய்கிற முதல் தவறு அளவைக் கூட்டுவது. ஐந்து நிமிடம்கூட மனம் நிற்காத ஆள் "இனி தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிப்பேன்" என்று பொருத்தனை செய்வார். நான்காவது நாள் அது உடையும். அதற்குப் பிறகு கஷ்டத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். குறையுங்கள். ஆங்கிலிக்கன் சபையின் ஜெபபுத்தகத்தில் நெடுநாளாக வழங்குகிற ஒரு ஒழுங்கு இருக்கிறது: 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரித்திருப்பார்கள். முதல் தேதி காலை 1 முதல் 5, மாலை 6 முதல் 8. இன்று என்ன வாசிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. தேதியைப் பார்த்தால் போதும். 'எனக்கு இன்று என்ன வசனம் பொருத்தம்' என்று தேடுகிற வேலை மிச்சமாகும். சோர்ந்த மனதுக்கு அந்தத் தேடலே பெரிய சுமை. இந்த முறையில் நான்காம் தேதி மாலைக்கு 22-ம் 23-ம் ஒன்றாக வரும். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை வாசித்து முடித்த கையோடு "கர்த்தர் என் மேய்ப்பர்". இயேசு சிலுவையில் சொன்னது இவற்றில் முதலாவதை. முழுப் பங்கும் அதிகம் என்றால் மாலைப் பங்கில் ஒரே ஒரு சங்கீதம். ஒரு நாள் தவறினால் விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள், அன்றைய தேதிக்குப் போய்விடுங்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். 1 இராஜாக்கள் 19-ல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும், போதும் கர்த்தாவே என்கிறார். பதிலாக அவருக்கு வந்தது உபதேசம் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார். தூதன் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். கடவுள் அவரிடம் கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பவரை உபவாச ஜெபத்துக்கு இழுப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் உபவாசத்தை ஒத்திவைக்கலாம்; அதில் பாவம் எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், இன்சுலின் போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கவே கூடாது.

அடுத்தது, ஆறுதலாகச் சொல்லப்பட்டு ஆளைக் காயப்படுத்துகிற வசனங்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வசனத்தைப் பாதியில் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

முதலாவது, "தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் தரமாட்டார்". இதற்கு 1 கொரிந்தியர் 10:13-ஐக் காட்டுவார்கள்: "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்". தமிழில் 'சோதனை' என்றால் பரீட்சையும் உண்டு, பாவத்துக்கு இழுக்கிற ஆசையும் உண்டு, பேச்சுவழக்கில் 'என்னடா சோதனை' என்று கஷ்டத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். மூல கிரேக்கச் சொல்லுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. எந்தப் பொருள் என்பதைச் சுற்றியுள்ள வசனங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே பேச்சு விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு பற்றியது. அடுத்த வசனமே "விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள்" என்கிறது. பாவத்தில் விழாமல் தப்ப ஒரு வழி இருக்கும் என்பதே வாக்கு. துயரத்தின் எடையைப் பற்றி, இதை எழுதிய அதே பவுல் அடுத்த நிருபத்தில், 2 கொரிந்தியர் 1:8-ல், ஆசியாவில் தங்களுக்கு வந்தது "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம் என்றும், பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் எழுதுகிறார். பலத்துக்கு மிஞ்சியது வரும். வந்தால் உங்கள் விசுவாசம் குறைவு என்று அர்த்தம் கிடையாது.

இரண்டாவது, எரேமியா 29:11. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் இருக்கிறது. அதில் இந்த வசனம் வந்தால் வீட்டில் சந்தோஷம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அழகான வசனம்தான். அட்டையில் அதற்கு முந்தின வசனம் இருக்காது: பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகே சந்திப்பேன் என்கிறது அது. எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் இது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தார். அது 28-ஆம் அதிகாரம். கேட்க இனித்தது அவர் பேச்சு, பொய்யாகப் போனதும் அதுவே. எரேமியா சொன்னது வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். அட்டையை எடுத்துவிட்டு ஜூன் மாதம் வரை எதுவும் மாறவில்லையே என்று உடைந்துபோகிறவர்கள் 29:4 முதல் 14 வரை முழுதாக வாசியுங்கள். நீண்ட காத்திருப்பில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் நேரான பதில் இருக்கிறது: இந்த ஊரில், இந்த நிலையில், செய்ய முடிந்த வேலையைச் செய்வது. சம்பளம் குறைந்த வேலை கிடைத்தால் "இது கர்த்தர் வாக்குக்கொடுத்த வேலை இல்லை" என்று தள்ளாதீர்கள்.

ரோமர் 8:28-ஐப் பற்றி ஒரே வார்த்தை: நடந்தது நல்லது என்று அந்த வசனம் சொல்லவில்லை. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. மரணத்தைப் பவுல் சத்துரு என்றுதான் அழைக்கிறார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மேலும், 28-க்கு இரண்டு வசனம் முன்னால் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்றிருக்கிறது. ஜெபிக்க வாய் வரவில்லை என்று கேட்டீர்களே, உங்களுக்கான வசனம் 26.

'ஏதோ பாவம்தான் காரணம், தேடிப் பாருங்கள்' என்று சொல்பவர்களும் உண்டு. பிறவிக் குருடனைக் குறித்து யோவான் 9-ல் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள்; அவன் பாவமும் அல்ல, பெற்றவர்கள் பாவமும் அல்ல என்று பதில் வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்கிறது லூக்கா 13. 2004 சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களையும் அலை கொண்டுபோனது. அங்கே போய் யார் பாவம் என்று கணக்குப் போட யாருக்கும் துணிவு வராது. தனி ஒருவரின் வீட்டில் நடந்தால் மட்டும் எப்படி வருகிறது? யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

ஆள் துணைக்கு வருவோம். சபை முழுவதற்கும் ஜெபக் குறிப்பு கொடுப்பதைவிட இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைத்தான் உள்ளே அழைத்துக்கொண்டு போனார். அந்த மூவரும் தூங்கிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுப்பவர்களும் சில நாள் தவறுவார்கள். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து என்னோடு ஒரு சங்கீதம் வாசியுங்கள், ஆலோசனை வேண்டாம்" என்றால் வருவார்கள். சொன்னதை வெளியே சொல்லாதவர், தன் வீட்டில் துக்கம் பார்த்தவர், உங்களுக்குக் கடன் கொடுக்காதவர் என்று மூன்றும் பொருந்தினால் உத்தமம். காணிக்கை அனுப்பினால் தீர்க்கதரிசனம் சொல்கிறேன் என்று போனில் பேசுகிறவர்களிடம், கஷ்டத்தில் இருக்கும்போது, ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நெருக்கத்தில் இருக்கிறவர்களைக் குறிவைப்பதுதான் அந்தத் தொழில்.

சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். பாதி ஆறிய புண்ணைக் காட்டி வெற்றிக்கதையாகச் சொன்னவர்கள், அடுத்த மாதம் மறுபடி தளரும்போது அதைச் சொல்ல வெட்கப்பட்டு உள்ளே பூட்டிக்கொள்கிறார்கள். அங்கேதான் பலருக்கு முறிகிறது.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டே இருப்பது, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமை, விடியற்காலையில் விழிப்பு வந்து பிறகு தூங்க முடியாமை, பசி அடியோடு போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாகலாம் என்ற நினைப்பு. இவை சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். மிஷன் பாரம்பரியத்தில் வந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே (சி.எம்.சி.) மனநல மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ஜெபமும் மாத்திரையும் ஒரே வளாகத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் வேண்டியதில்லை. மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பத்தாம் நாள் 'ஒன்றும் ஆகவில்லை' என்று விடுவது ஒரு தவறு. தேறியவுடன் 'சுகமானேன்' என்று தானாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், படபடப்பு, சிலருக்கு நோயே திரும்பவும் வரும். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்கிற வேகத்தில்தான். சாகும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. கூடவே ஒருவர் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியவில்லை என்றால் முழுதாக நிறுத்திவிடாமல் சுருக்குங்கள். பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பாட வரவில்லையா, மற்றவர்கள் பாடட்டும். மாற்கு 2-ல் நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. இயேசு 'அவர்கள் விசுவாசத்தை'க் கண்டார் என்று இருக்கிறது. திருவிருந்து இருக்கிற ஞாயிறாகப் பார்த்துப் போவது நல்லது. பிரசங்கம் காதில் ஏறாத நாளிலும் அப்பம் கையில் வைக்கப்படும்; அதற்கு நீங்கள் எதையும் உணர வேண்டியதில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன்" என்று பழக்கத்தில் வாய் சொல்லப்போகும். "கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வந்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் தர்மசங்கடப்பட்டு நகர்ந்தால் நகரட்டும். நகராமல் நிற்கிறவர் யாரென்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை சாயந்திரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள் அவராக இருக்கலாம்.